ரத்தம் என்ன சொன்னது?

“எங்கப்பாகிட்டேருந்து பன்னிரண்டு குழாய் ரத்தம் எடுத்துட்டீங்களே நர்ஸ் அத்தை, அது என்ன சொல்லுச்சு?”

ஏழு வயதுப் பெண் ஒருத்தி ஒரு காலத்தில் கேட்ட கேள்வி இது. ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், மருந்து ஆய்வுக்கென்று ஒதுக்கியிருந்த சின்ன அறையில் நின்று கேட்டாள். எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று, கையை நீட்டி வைத்துக்கொள்ள ஒரு திண்டு, குழாய்களை அடுக்க ஒரு தட்டு, ஒரு மேசை. இவ்வளவுதான் அந்த அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஆய்வு நர்ஸ். இந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் அப்பா, சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு. அவர் சைக்கிள் கடைக்காரர். எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் ரேகைகளில் மசகு கறுப்பாகத் தங்கியிருக்கும் கை அது.

பெரியவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாசலைப் பார்ப்பார்கள். குழந்தை அப்படியில்லை. பதில் வரும்வரை கண்ணை எடுக்காது.

“இப்பத் தெரியாது கண்ணு. நூத்தியிருபது பேரோட கணக்கையும் சேர்த்துப் பார்த்தாத்தான் தெரியும்.”

“தெரிஞ்சதும் சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

“டாக்டர்கிட்டயா, எங்கிட்டயா?”

“உங்கிட்டயேதான்.”

சைக்கிள் கடைக்காரர் சிரித்தார். “மாட்டிக்கிட்டீங்க சிஸ்டர். இவ மறக்கற ஜாதியே இல்ல. சரி, நீங்க ஒரு வாக்குக் குடுத்தீங்க, நானும் ஒண்ணு தர்றேன். காலையில உங்க சைக்கிள் வந்து நின்னதைக் கேட்டேன். அது பிரேக்கா, யாரையாவது பிடிச்சுக் கழுத்தை நெரிக்கிறீங்களா? அடுத்த மாசம் வரும்போது கட்டையை மாத்தித் தர்றேன். வேற யார்கிட்டயும் காட்டாதீங்க, கெடுத்துடுவாங்க.”

“காட்டலை” என்றாள் நர்ஸ்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

ஒற்றைத் தலைவலிக்கு ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு அது. தினம் ஒரு மாத்திரை, ஓராண்டு. மாதம் ஒரு தடவை வந்து இரண்டு குழாய் ரத்தம் கொடுக்க வேண்டும். வலி வந்த நாள்களை ஒரு சின்ன நோட்டில் குறித்துவர வேண்டும். நடுவில் நிற்பவர்களுக்கு ஆய்வின் பதிவேட்டில் ஒரே ஒரு சொல்தான் உண்டு: விலகியவர். சைக்கிள் கடைக்காரரின் எண்ணுக்கு நேரே, போனில் கேட்டபோது கிடைத்த காரணத்தையும் நர்ஸ் எழுதி வைத்தாள்: சொந்த வேலை.

அவளுடைய சைக்கிள் மட்டும் நாளுக்கு நாள் குரல் தேறிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவள் பிரேக் பிடித்தால் மூன்றாம் மாடியில் பெரிய டாக்டர் பேனாவை மூடிவைப்பார். மருந்துக் கிடங்கில் தேநீர் குடிப்பவர்கள் டம்ளரை ஒளித்துவைப்பார்கள். சீக்கிரமே அவளுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள், ‘கிரீச் சிஸ்டர்’ என்று. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அப்புறம் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

“ஊர்ல வேற சைக்கிள் கடையே இல்லையா?” என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார் அவள் கணவர்.

“அவர் பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார்.”

“அவர் சொல்லி ஒரு வருஷமாச்சு.”

“இன்னொருத்தர்கிட்ட விட்டா, அவர் வார்த்தையை நான் நம்பலைன்னு ஆயிடும். சொன்னவர் செய்வார்.”

கடவுளிடம் பெரிதாக எதையும் கேட்டுப் பழகாதவள் அவள். காலையில் விளக்கின் முன் நின்று, இன்றைக்கு ஊசி முதல் தடவையிலேயே நரம்பில் இறங்கட்டும் என்று மட்டும் கேட்பாள். மனிதர்களிடம் இருக்கும் நம்பிக்கையும் அதே அளவுதான். சின்னது, ஆனால் பிடிவாதமானது.

ஒரு மாலை அவளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனாள். உத்தரத்திலிருந்து டயர்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. முன்னால் அவர் மனைவி நின்று பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அவர் இல்லையா?”

“வெளியூர் போயிருக்காரு சிஸ்டர்.”

டயர்களுக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. வெளியூர் போன கால்கள் செருப்பை மட்டும் மாற்றிப் போட்டிருந்தன, இடது காலில் வலது செருப்பு. நர்ஸ் அந்தக் கால்களைப் பார்த்தாள், மனைவி நர்ஸைப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு முட்டியது. ஆனாலும் ஒரு மனிதன் அவ்வளவு சிரமப்பட்டு ஒளிந்துகொண்டிருக்கும்போது சிரிப்பது முறையில்லை என்று அடக்கிக்கொண்டார்கள்.

“வந்தா விசாரிச்சதாச் சொல்லுங்க” என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டு நர்ஸ் நடந்தாள்.

தெருமுனையில் அந்த அம்மா ஓடிவந்து பிடித்தார். “நான் சொன்னேன்னு அவருக்குத் தெரியக்கூடாது சிஸ்டர். அந்த மாத்திரை அவருக்கு ஒத்துக்கலை. காலையில போட்டா மத்தியானம் வரைக்கும் வாந்தி. ராத்திரி பொட்டுத் தூக்கம் கிடையாது. சக்கரத்தோட கோட்டம் எடுக்கிறவர், சக்கரம் சுத்தறதைப் பார்த்தாலே குமட்டுதுன்னு எழுந்து ஓடினார். நாந்தான் நிறுத்தச் சொன்னேன்.”

“இதை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே!”

“வெட்கம் சிஸ்டர். ஒரு வருஷம்னு கையெழுத்துப் போட்டுட்டு ஆறு மாசத்துல ஓடிட்டோமே, நம்மால டாக்டருங்க வேலையே கெட்டுப்போச்சேன்னு மருகறாரு. இப்ப அதைவிடக் கஷ்டம் என்னன்னா, தலைவலி வந்தா ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேங்கிறாரு. பின்னால இருட்டு ரூம்ல கண்ணுல துணியைக் கட்டிக்கிட்டு ரெண்டு நாள் கிடப்பாரு. வாங்கன்னு கூப்பிட்டா, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறதுங்கிறாரு.”

அன்றைக்கு நர்ஸுக்கு இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, நல்ல மனிதன் ஒருவன் தன் வெட்கத்துக்காக வலியைத் தின்றுகொண்டிருக்கிறான். இரண்டு, ‘சொந்த வேலை’ என்று அவள் எழுதிவைத்த காரணங்கள் எல்லாம் சொந்த வேலைகள் இல்லை.

மறுநாளே பெரிய டாக்டரிடம் சொன்னாள். அவர் சம்மதத்தோடு, நிறுத்திய மற்ற ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட்டுப் பக்குவமாகக் கேட்டாள். முதலில் எல்லோரும் சொந்த வேலை என்றார்கள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் வாந்தி என்றார்கள், தூக்கமில்லை என்றார்கள். ஒருவர், சிஸ்டர் மனசு வருத்தப்படுமே என்றுதான் சொல்லவில்லை என்றார்! அத்தனையும் பதிவேட்டில் ஏறின.

ஆய்வு முடிந்தது. கணக்குகள் எங்கெங்கோ போய்த் திரும்பி வர இன்னும் ஒன்றரை வருடம் ஆயிற்று. சைக்கிள் கடைக்காரர் இதற்குள் ஒளிவதில் நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டார். கிரீச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே கடை காலியாகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் ஒரு தாளை நர்ஸிடம் நீட்டினார். “முடிவு வந்தாச்சு சிஸ்டர். கலந்துக்கிட்டவங்களுக்கு அனுப்பணும். சும்மா எளிமையா எழுதியிருக்கேன். எதுக்கும் ஒரு தடவை பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த பஸ், எங்கே போகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதை இருபது வருடமாக ஒலிபெருக்கியில் சொல்லிவருபவர். வீட்டிலும் சில சமயம் குரல் அப்படியே வந்துவிடும். தாளை வாங்கி, தொண்டையைக் கனைத்து, அதே குரலில் படித்தார்.

“இவ்வாய்வின் முதன்மை இலக்கு எய்தப்படவில்லை. இரு பிரிவினருக்கிடையே புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு புலப்படவில்லை.” நிமிர்ந்தார். “இதை நான் நிலையத்துல சொன்னா, அத்தனை பேரும் தப்பு பஸ்ல ஏறிடுவாங்க.”

“டாக்டர் எளிமையா எழுதியிருக்கேன்னார்.”

“அவர் மேல தப்பில்லை. எளிமையைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு போல. நீ சொல்லு, மாத்திரை வேலை செஞ்சுதா இல்லையா?”

“இல்லை.”

“அதை எழுது முதல்ல.”

“எடுத்ததும் அப்படி எப்படிங்க எழுதறது? ஒரு வருஷம் சாப்பிட்டிருக்காங்களே.”

“பஸ் ரத்துன்னா ரத்துன்னு முதல் வரியில சொல்லிடணும். சுத்தி வளைச்சா ஜனம் மூட்டையைத் தூக்கிட்டு அலையும். காரணத்தை அப்புறம் பொறுமையாச் சொல்லிக்கலாம், கேட்பாங்க.”

அவள் எழுதினாள், அவர் படித்தார். ஒரு சொல்லில் அவர் நாக்கு இடறினால் அந்தச் சொல் போயிற்று. சாயங்காலத்துக்குள் ஒரு பக்கம் தேறியது. பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல. மாதம் ஆறு நாள் இருந்த வலி, மருந்து சாப்பிட்டவர்களுக்கும் ஐந்து நாளாயிற்று, சாப்பிடாதவர்களுக்கும் ஐந்து நாளாயிற்று. ஆகவே மாத்திரையால் பலனில்லை. கடைசியில், ‘ஆய்வை முழுமையாக முடித்துத் தந்த தொண்ணூற்றொன்பது பேருக்கும் எங்கள் நன்றி.’

அந்த வரியைக் கணவர் இரண்டு தடவை படித்தார்.

“ஏம்மா, ஏறினது நூத்தியிருபது பேர்தானே? மிச்சம் இருபத்தொரு பேர் எங்க?”

“அவங்க நடுவுல நின்னுட்டாங்க.”

“அவங்களா இறங்கினாங்களா, நீங்க இறக்கிவிட்டீங்களா?”

“டாக்டர் குடுத்த பட்டியல்ல முடிச்சவங்க பேர்தாங்க இருக்கு. எப்பவும் அப்படித்தான் வழக்கம்.”

“சரி, வழக்கம்னா வழக்கம்” என்று அவர் எழுந்து போய்விட்டார். அவர் போனபிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. தெருமுனையில் ஓர் அம்மா சொன்னதைக் கேட்டுவந்து, மற்ற இருபது பேரிடமும் கெஞ்சிக் கேட்டு எழுதிக்கொண்டவள் அவளேதான். ஒளிந்து நின்ற கால்களைப் பார்த்தவளும் அவள்தான். நன்றி சொல்லும் நேரத்தில் அவளே அவர்களை மறந்துவிட்டாள். அடுத்தவர் மறதியை விளக்குப் போட்டுத் தேடுகிறோம். நம்முடையது மடியிலேயே கிடக்கிறது.

திங்கட்கிழமை கிரீச் என்று வந்து நின்று, நேரே பெரிய டாக்டர் அறைக்குப் போனாள்.

“கேட்டேன், கேட்டேன், மூணு மாடியும் கேட்டுது” என்றார் டாக்டர். “என்ன சிஸ்டர்?”

“நிறுத்தினவங்களுக்கும் இந்தத் தாள் போகணும் சார்.”

“அவங்கதான் ஆய்வை முடிக்கலையே.”

“நிறுத்தின இருபத்தொரு பேர்ல பதினேழு பேர் மருந்துள்ள மாத்திரை சாப்பிட்டவங்க, நாலு பேர்தான் மருந்தில்லாதது. இந்த மாத்திரை ஆளைப் படுத்துதுன்னு நமக்கு வேற யார் சார் சொன்னா? முடிச்ச தொண்ணூத்தொன்பது பேர் பலனில்லைன்னு சொன்னாங்க. கெடுதல்னு சொன்னது இவங்கதான். அவங்க விலகினதே ஒரு பதில்தானே சார்?”

டாக்டர் பேனா மூடியைத் திருகினார். கெட்டிக்கார மனிதர். தான் பார்க்காமல் விட்டதை இன்னொருவர் காட்டினால் முகம் சுளிக்காத அளவுக்குப் பெருந்தன்மையும் இருந்தது. அந்த இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம்.

“ஆய்வுக்கு அனுமதி தர்ற நெறிக்குழுவைக் கேட்கணும். கேட்கிறேன். நிறுத்தினவங்க சொன்னதையும் தாள்ல ஒரு வரி சேர்த்துடுங்க” என்றவர், அவள் வாசலைத் தாண்டுமுன் கூப்பிட்டார். “சிஸ்டர், அந்த பிரேக்கையும் யாராவது குழுகிட்டக் காட்டுங்களேன்!”

மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. நூற்றிருபது கடிதங்கள் தபாலில் போயின. பத்தாம் நாள் ஒன்று திரும்பி வந்தது. பிரிக்கப்படாத உறையின் மேல், ‘இந்த முகவரியில் ஆள் இல்லை’ என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. அந்தக் குண்டு எழுத்தை ஆறு மாத வலி நோட்டில் அவள் படித்திருக்கிறாள். போதாக்குறைக்கு, ‘இல்லை’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே மசகில் தோய்ந்த ஒரு கட்டைவிரல் ரேகை, முத்திரை குத்தினாற்போல. தான் வீட்டில் இல்லை என்று இவ்வளவு திடமாக யாரும் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கமாட்டார்கள்.

நர்ஸ் வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் அந்த ரேகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் துணி கட்டிக்கொண்டு படுத்திருப்பவரின் விரல் அது. திட்டுக் கடிதம் என்று நினைத்துத் திருப்பியிருக்கிறார்.

என்ன செய்யலாம் என்று இரண்டு நாள் யோசித்தாள். அவர் பெயருக்கு எதை அனுப்பினாலும் ஆள் இல்லை என்றுதான் வரும். மூன்றாம் நாள் விளக்கின் முன் நின்றபோது சட்டென்று தோன்றியது. கேள்வி கேட்டது அவர் இல்லையே! வாக்குக் கொடுத்ததும் அவருக்கு இல்லையே!

அச்சடித்த தாளின் பிரதி ஒன்றை எடுத்தாள். நோயாளிகளின் பெயரோ எண்ணோ எதுவும் அதில் கிடையாது, யாரும் படிக்கலாம். கூடவே ஒரு வெள்ளைத் தாளில் தன் கையால் எழுதினாள்.

‘கண்ணு, மூன்று வருடத்துக்கு முன்னால் நீ ஒன்று கேட்டாய். பதில் கிடைத்துவிட்டது. அந்த மாத்திரை தலைவலியைக் குறைக்கவில்லை. அதோடு பல பேருக்கு வாந்தியும் தூக்கமின்மையும் கொடுத்தது. இதை எங்களுக்குச் சொன்னது யார் தெரியுமா? நடுவில் நிறுத்தியவர்கள். உன் அப்பா நின்ற பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்க எனக்குத் தோன்றியது. இனி யாருக்கும் அந்த மாத்திரையைக் கொடுக்கமாட்டார்கள். வேறு ஊர்களில் யார் யாரோ வாந்தி எடுக்காமல் தூங்குவார்கள். உன் அப்பா எதையும் கெடுக்கவில்லை. அவர் கொடுத்த பன்னிரண்டு குழாயும் சரியாக வேலை செய்தன. தலைவலிக்கு வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன. புதன்கிழமைதோறும் அதற்கென்று ஒரு டாக்டர் உட்காருகிறார். நான் அந்த மாடியிலேயே இருக்கமாட்டேன் என்று வேண்டுமானால் அப்பாவிடம் சொல். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நர்ஸ் அத்தை.’

மறுநாள் விடியற்காலை, தெருவில் பால் வண்டிகூட வராத நேரம். அவள் தெருமுனைக்கு முன்பே இறங்கிக்கொண்டாள். பிரேக்கைத் தொட்டால் அந்தத் தெரு முழுக்க எழுந்துவிடும். வெளியூர் போகிறவர் உடனே கிளம்பிவிடுவார். சரிவில் சைக்கிள் தானாக உருண்டால் பிரேக் பிடிக்க வேண்டிவரும் என்று, அதைக் கைக்குழந்தைபோல இடுப்பில் தாங்கிக்கொண்டு, கடைவரை நடந்தாள். பாதி வழியில் ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. சைக்கிளை மனிதர்கள் தூக்கிக்கொண்டு போகும் காலமும் வந்துவிட்டது என்று நினைத்ததோ என்னவோ, குரைக்காமல் படுத்துக்கொண்டது.

உறையின் மேல் ‘பன்னிரண்டு குழாய் எண்ணிய பெண்ணுக்கு’ என்று எழுதியிருந்தாள். அதை ஷட்டருக்குக் கீழே தள்ளினாள். அது உள்ளே சரிந்து போன சத்தம் கேட்டது. வந்தது போலவே சைக்கிளைத் தாங்கிக்கொண்டு திரும்பினாள்.

அந்தப் புதன் போயிற்று. அடுத்த புதனும் போயிற்று. நர்ஸ் எழுதியதை எழுதியபடி காப்பாற்றினாள். புதன்கிழமைகளில் காலை முழுதும் கீழே கிடங்கில் உட்கார்ந்து பழைய பதிவேடுகளைக் கட்டிவைத்தாள். அங்கே தேநீர் குடிப்பவர்கள் பட்ட அவஸ்தை தனிக்கதை.

“உன் சைக்கிள்காரர் வந்தாரா?” என்று கணவர் கேட்டார்.

“வருவார்.”

“பஸ் தாமதம்னு சொல்லலாமா, ரத்துன்னு சொல்லலாமா?”

“தாமதம்னு சொல்லுங்க.”

மூன்றாவது புதன்கிழமை மாலை அவள் கிடங்கைப் பூட்டிவிட்டு மேலே வந்தாள். தலைவலி டாக்டர் அன்றைய சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

“சிஸ்டர், இன்னிக்கு ஒருத்தர் வந்தார். உள்ள வர்றதுக்கு முன்னாடி கதவிடுக்கில ஒரு சின்னப் பொண்ணு எட்டிப் பார்த்து, ‘இல்லப்பா, வாங்க’ன்னுச்சு. யார் இல்லைன்னு புரியலை. நல்ல மனுஷன். ஆறு வருஷ வலி. ஒரு மருந்து எழுதியிருக்கேன், தேறிடுவார்.”

“சரி டாக்டர்” என்றாள் நர்ஸ். பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

சைக்கிள் கொட்டகையில் யாரும் இல்லை. காவல்காரர் கேட்டருகே யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். அவளுடைய சைக்கிள் காலையில் விட்ட தூணோரமே நின்றது. பூட்டைத் திறந்து, ஏறி, வாசல்வரை மிதித்துப் போய், எப்போதும்போல எல்லோரையும் எச்சரிக்கும் எண்ணத்தில் பிரேக்கைப் பிடித்தாள்.

சைக்கிள் நின்றது. சத்தம் இல்லை.

மறுபடி நாலடி உருட்டிப் பிடித்தாள். அதே அமைதி. குனிந்து பார்த்தாள். முன்னும் பின்னும் புதுப் பிரேக் கட்டைகள். கைப்பிடியின் பளபளப்பில் ஒரு கட்டைவிரல் ரேகை மட்டும் கறுப்பாகப் பதிந்திருந்தது.

அதைத் துடைக்கக் கையெடுத்தவள், துடைக்காமல் விட்டாள். கேட்டுக்கு வெளியே மாலைக் கூட்டம் நிறைந்திருந்தது. கிரீச் சிஸ்டர் வருவது தெரியாததால் யாரும் ஒதுங்கவில்லை. “கொஞ்சம் வழி விடுங்கப்பா” என்று தன் சொந்தக் குரலில் கேட்டுக்கொண்டு, அவள் மெல்ல மிதித்துப் போனாள்.